'ஃபுல் கவரேஜ்' என்று ஒரு பாலிசி கிடையாது

வாசகர் கேள்வி-பதில்: அமெரிக்காவில் கார் இன்ஷூரன்ஸ்

இந்த இதழில் கார் இன்ஷூரன்ஸ் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் இதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் ஒவ்வொரு பதிலையும் கேட்டவருடைய மாநிலத்தை வைத்தே எழுதியிருக்கிறோம். உங்கள் பாலிசியின் முதல் தாளான 'டெக்ளரேஷன்ஸ் பேஜ்' (ஏஜென்ட்டுகள் பேச்சில் 'டெக் பேஜ்') பக்கத்தில் இருந்தால் படிக்க வசதி. எந்தக் கவரேஜ், எவ்வளவு வரம்பு, எவ்வளவு டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நீங்கள் கையிலிருந்து ஏற்கும் தொகை), அதற்கு எவ்வளவு பிரீமியம் என்று வரி வரியாக அதில் இருக்கும். அந்தத் தாளில் எங்கும் 'ஃபுல் கவரேஜ்' என்ற சொல்லைப் பார்க்க முடியாது. அது விற்பவர்கள் வாயில் மட்டும் புழங்கும் சொல்.

'30/60/25 போட்டால் போதும், சட்டம் கேட்பது அவ்வளவுதான்' என்கிறார் ஏஜென்ட். நம் ஊர் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மாதிரிதானே இதுவும்? ஏன் இத்தனை எண்கள்?
(வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

அந்த மாதிரி இல்லை. ஊர் அனுபவம் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும். இந்தியாவில் தேர்ட் பார்ட்டி பாலிசி இருந்தால், அடிபட்டவருக்கோ இறந்தவர் குடும்பத்துக்கோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் கம்பெனி கட்டும். அந்தத் தொகைக்கு பாலிசியில் உச்சவரம்பு இல்லை. பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் என்று வரம்பு. அமெரிக்காவில் இரண்டுக்கும் வரம்பு உண்டு. அதைத் தாண்டும் ஒவ்வொரு டாலரும் ஓட்டியவர் தலையில்தான் விழும்.

எண்களை ஆயிரங்களில் படியுங்கள். உங்கள் தவறால் நடந்த விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர். எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தம் 60,000. அவர்கள் கார், யாரோ ஒருவர் வீட்டு வேலி, மின்கம்பம் என எது சேதமானாலும் எல்லாம் சேர்த்து 25,000. உங்கள் காயத்துக்கும் உங்கள் காருக்கும் இதிலிருந்து ஒரு சென்ட் வராது.

சிக்னலில் நின்ற புது பிக்கப் டிரக்கைப் பின்னால் இடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். டிரக் மதிப்பு 60,000 டாலர், மொத்தமாகப் போய்விட்டது. உள்ளே மூன்று பேர். ஆஸ்பத்திரிச் செலவு 40,000, 18,000, 12,000. டிரக்குக்குக் கம்பெனி 25,000 கொடுக்கும், பாக்கி 35,000. காயங்களுக்கு 30,000 + 18,000 + 12,000 என்று 60,000 கொடுக்கும். முதல் ஆளுக்கு 10,000 நிற்கும். ஆக 45,000 டாலர் உங்கள் கணக்கில். வலிக்கும் வேதனைக்கும் கேட்கும் தொகையை இதில் சேர்க்கவே இல்லை. வழக்கு வந்தால் கம்பெனியே வக்கீல் வைத்து வாதாடும், உண்மைதான். ஆனால் வரம்பு முழுவதையும் கொடுத்துச் சமரசம் முடிந்துவிட்டால் அந்தக் கடமையும் அதோடு முடிகிறது. டெக்சாஸ் சட்டம் குடியிருக்கும் வீட்டையும் சம்பளத்தையும் ஓரளவு காப்பாற்றும். பாங்க் சேமிப்புக்கும் சாதாரணப் பங்குக் கணக்குக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாளைக்கு வேறு மாநிலத்துக்கு வேலை மாறினால் சம்பளமும் பிடிபடலாம்.

மாநிலங்களே பழைய குறைந்தபட்சம் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டு வருகின்றன. கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக 15/30/5 இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 30/60/15. வர்ஜீனியாவில் அதே நாளிலிருந்து 50/100/25. வட கரோலினா 2025 ஜூலையில் 50/100/50 ஆக்கியது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் உங்களை அபராத டிக்கெட்டிலிருந்துதான் காப்பாற்றும்.

எங்கள் கருத்து: 100/300/100க்குக் கீழே இறங்க வேண்டாம். வீடு, சேமிப்பு, இரண்டு சம்பளம் என்று இருந்தால் 250/500/100 போட்டு, அந்த வரம்பு தீர்ந்தபின் கைகொடுக்கும் 'அம்ப்ரெல்லா' பாலிசியை அதன் மேல் 10 லட்சம் டாலருக்கு எடுங்கள். அம்ப்ரெல்லா தரும் கம்பெனிகள் பெரும்பாலும் கீழே 250/500 இருந்தால்தான் தருவார்கள், அதனால் இரண்டையும் சேர்த்தே விலை கேளுங்கள். வரம்பை மூன்று மடங்காக்கினால் பிரீமியம் மூன்று மடங்காகாது. முதல் சில ஆயிரம் டாலருக்குத்தான் விலை அதிகம். ஏஜென்ட்டிடம் 30/60/25, 100/300/100, 250/500/100 மூன்றுக்கும் ஒரே மூச்சில் விலை கேட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டிடக்டிபிளில் பிடியுங்கள். கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதம்) டிடக்டிபிளை 500இலிருந்து 1,000 ஆக்கினால் 6 மாதத்துக்கு 70 டாலர் குறைகிறது என்றால், கூடுதலாக ஏற்கும் 500 டாலர் மூன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும்.

பார்க்கிங் காரேஜில் தூணில் உரசி இரண்டு கதவும் நசுங்கிவிட்டன. 'காம்ப்ரிஹென்சிவ்' எடுத்திருக்கிறேன், ஆனால் பணம் வராது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
(வாசகி, ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

ஏமாற்றவில்லை. ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு பொருள் தருவதால் வந்த குழப்பம். இந்தியாவில் காம்ப்ரிஹென்சிவ் என்றால் தேர்ட் பார்ட்டியும் சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த முழுச் சாப்பாடு. இங்கே அது ஒரு கூட்டு மட்டும். அதன் இன்னொரு பெயரான 'அதர் தேன் கொலிஷன்' விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடும்: மோதலைத் தவிர மற்றவை. திருட்டு, தீ, வெள்ளம், ஆலங்கட்டி, கல் தெறித்து உடைந்த கண்ணாடி, மேலே விழுந்த மரக்கிளை, யாரோ வேண்டுமென்றே கீறியது, அடியிலிருந்து அறுத்துப் போன கேடலிடிக் கன்வெர்ட்டர், விலங்கு மோதல் எல்லாம் இதில் அடங்கும். வண்டி எதன் மீதாவது மோதுவதும் கவிழ்வதும் கொலிஷன். தூண் கொலிஷன்.

எல்லையில் நிற்கும் சில விஷயங்களில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். சாலைப் பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்தால் கொலிஷன். கிளை காரின் மேல் விழுந்தால் காம்ப்ரிஹென்சிவ். விழுந்து கிடந்த கிளை மேல் நீங்கள் ஏற்றினால் கொலிஷன். நிறுத்திய காரில் யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டாலும் பெரும்பாலும் கொலிஷன்தான். எலி வயரைக் கடித்தால் பொதுவாகக் காம்ப்ரிஹென்சிவ்.

உங்கள் டெக் பேஜில் கொலிஷன் வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அவசரப்பட்டுக் கிளெய்ம் போட வேண்டாம். முதலில் ஒரு பாடி ஷாப்பில் எஸ்டிமேட் வாங்குங்கள். 1,300 டாலர் வேலை, டிடக்டிபிள் 1,000 என்றால், வரும் 300 டாலருக்காக உங்கள் தவறென்று ஒரு விபத்தைப் பதிவில் ஏற்றுகிறீர்கள். கிளெய்ம்கள் கம்பெனிகளுக்குப் பொதுவான 'க்ளூ' அறிக்கையில் 7 வருடம் வரை நிற்கும். கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும்.

இங்கே நவம்பரில் மான் பயம். மோதினால் எந்தக் கவரேஜ்? உடனே என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், பிட்ஸ்பர்க் புறநகர், பென்சில்வேனியா)

மான் மீது மோதினால் காம்ப்ரிஹென்சிவ். மானுக்காகத் திருப்பி மரத்தில் மோதினால் கொலிஷன், அதுவும் பொதுவாக உங்கள் தவறாகவே எழுதப்படும். அதனால் இன்ஷூரன்ஸ் கணக்கும் பாதுகாப்புக் கணக்கும் இங்கே ஒரே வழியைத்தான் காட்டுகின்றன: பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், திருப்பாதீர்கள். ஒரு மான் குறுக்கே போனால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதியபின் ஓரம் கட்டி ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். விழுந்த மானின் பக்கத்தில் போகாதீர்கள். உயிர் இருந்தால் உதைக்கும். பம்பரிலும் கிரில்லிலும் ஒட்டியிருக்கும் ரோமத்தையும் ரத்தத்தையும் கழுவும் முன் கிட்டத்தில் படம் எடுங்கள். மான் ஓடிவிட்டால் அது மான் என்பதற்கு அந்த ரோமம்தான் சாட்சி. மான் சாலையில் கிடந்தாலோ யாருக்காவது அடிபட்டிருந்தாலோ 911. வண்டியைக் கிளப்பும் முன் கீழே குனிந்து பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதாவது சொட்டுகிறதா பாருங்கள். அது ரேடியேட்டர் கூலன்ட். சொட்டினால் ஒரு மைல்கூட ஓட்டாமல் டோ செய்யுங்கள். கூலன்ட் இல்லாமல் ஓட்டி என்ஜின் சூடாகிச் செத்தால், 'இது மான் செய்ததல்ல, பிறகு ஓட்டியதால் வந்தது' என்று அட்ஜஸ்டர் (சேதத்தைப் பார்த்துக் கிளெய்மை முடிவு செய்யும் கம்பெனி ஆள்) எழுதலாம். அப்படி எழுதினால் வாதாடுவது கஷ்டம்.

ரிப்பேர் எஸ்டிமேட்டில் ஒரு வரியைத் தேடுங்கள்: கேலிப்ரேஷன். இப்போதைய கார்களில் தானாகப் பிரேக் பிடிக்கும் ரேடார் பெரும்பாலும் கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும், கேமரா முன் கண்ணாடியின் மேல்பகுதியில். இவற்றைக் கழற்றி மாட்டினால் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். அந்த வரி இல்லாமல் வண்டியை வாங்கி வந்தால் லேன் எச்சரிக்கை தப்பாக வேலை செய்யும், பிறகு ஷாப்புக்கும் கம்பெனிக்கும் நடுவே நீங்கள் அலைய வேண்டியதுதான். எந்த ஷாப் என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுக்குத்தான். கம்பெனி ஒரு ஷாப்பைச் சிபாரிசு செய்யலாம், அவ்வளவே.

எல்லோரும் இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' என்று எதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்கள்?
(வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)

சட்டம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுபவரும் இருக்கிறார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர் மீது வழக்குப் போட்டு ஜெயித்தாலும் கையில் வருவது தீர்ப்புக் காகிதம்தான். இதைவிட அடிக்கடி நடப்பது, இன்ஷூரன்ஸ் உண்டு ஆனால் போதாது என்ற நிலை. ஜார்ஜியாவில் குறைந்தபட்சம் 25/50/25. உங்கள் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு அந்த 25,000 எம்மூலைக்கு? இந்த இரண்டு நிலையிலும் உங்கள் கம்பெனியே எதிராளியின் இடத்தில் நின்று உங்களுக்குப் பணம் தருவதுதான் யுஎம் கவரேஜ். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டிக்கும் இதுவே.

ஜார்ஜியாவில் யுஎம் இரண்டு வகை. பலர் பார்க்காமல் கையெழுத்துப் போடும் இடம் இது. 'ஆட்-ஆன்' என்பதில் எதிராளியின் பாலிசி தருவதற்கு மேல் உங்கள் யுஎம் முழுதாகச் சேரும். 'ரெட்யூஸ்டு பை' என்பதில் அவர் தந்ததைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் நஷ்டம் 150,000 டாலர், எதிராளி வரம்பு 25,000, உங்கள் யுஎம் 100,000 என்றால், முதல் வகையில் கைக்கு 125,000 வரும். இரண்டாவதில் 75,000 மட்டும் சேர்ந்து மொத்தம் 100,000. டெக் பேஜில் எந்த வார்த்தை அச்சாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

எதிராளியின் கம்பெனி 25,000 டாலர் செக்குடன் ஒரு ரிலீஸ் தாளும் அனுப்பும். கையெழுத்துப் போடும் முன் உங்கள் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள், முடிந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். 'எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்ற முழு ரிலீஸில் கையெழுத்திட்டால், உங்கள் யுஎம் உரிமையும் சேர்ந்து போகலாம். ஜார்ஜியாவில் இதற்கென்றே, யுஎம் உரிமையைத் தக்கவைக்கும் 'லிமிடெட் ரிலீஸ்' உண்டு.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. காரை நன்றாக ரிப்பேர் செய்தாலும், 'விபத்துப் பட்டது' என்று பதிவான கார் விற்பனையில் மதிப்பு குறைகிறது. அந்தக் குறைவைச் சொந்தக் கம்பெனியிடமே கேட்கலாம் என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. கம்பெனிகள் '17சி' என்ற கணக்கைப் போட்டு, கார் மதிப்பில் 10 சதவீதத்தில் தொடங்கி, சேதத்துக்கும் ஓடிய மைலுக்கும் ஏற்பக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கணக்கில் வரும் தொகையை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

நியூ ஜெர்சியில் 'நோ-ஃபால்ட்' என்கிறார்கள். யார் மீதும் தவறில்லை என்றா அர்த்தம்? பாலிசி எடுக்கும்போது 'ஹெல்த் பிரைமரி', 'லிமிடேஷன் ஆன் லாசூட்' என்று கேட்டார்கள், விலை குறைவானதைத் தேர்ந்தெடுத்தேன்.
(வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

தவறு யாருடையது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு மட்டும் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்து, அவரவர் பாலிசியில் உள்ள 'பிப்' கவரேஜ் முதலில் கொடுக்கும். கார் சேதத்துக்குத் தவறு செய்தவர்தான் பொறுப்பு. இப்படி நோ-ஃபால்ட் முறை உள்ள மாநிலங்கள் 12. நியூ ஜெர்சி, நியூயார்க், புளோரிடா, மிச்சிகன், பென்சில்வேனியா அவற்றில் சில.

நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு பாலிசியில் பிப் வரம்பு வழக்கமாக 250,000 டாலர். 15,000 வரை குறைக்கவும் விடுவார்கள். குறைத்தால் சில டாலர் மிச்சமாகும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தொடரும் சிகிச்சையிலேயே 15,000 கரைந்துவிடலாம். 250,000இலேயே விடுங்கள்.

'ஹெல்த் பிரைமரி' என்றால் விபத்துக் காயத்துக்கு முதலில் உங்கள் மருத்துவ இன்ஷூரன்ஸ் கொடுக்கும், பிறகு பிப். ஆபீஸ் பிளான் நன்றாக இருந்தால் நியாயமான மிச்சம். ஆனால் அந்தப் பிளான் கார் விபத்துச் செலவை ஏற்கிறதா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில பிளான்கள் ஏற்காது. அரசு மருத்துவத் திட்டங்களான மெடிகேர், மெடிகெய்டு உள்ளவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேலை மாறி மருத்துவ இன்ஷூரன்ஸ் விட்டுப்போனால் அன்றே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு 'பிப் பிரைமரி'க்கு மாற்றுங்கள்.

'லிமிடேஷன் ஆன் லாசூட்' எடுத்தவர், எதிராளி மீது வலிக்கும் வேதனைக்கும் வழக்குப் போட முடியாது. மரணம், உறுப்பிழப்பு, பெரிய தழும்பு, இடம் விலகிய எலும்பு முறிவு, கரு இழப்பு, நிரந்தரக் காயம் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. மாதக்கணக்கில் கழுத்து வலியோடு திரிந்து பிறகு ஆறினால் அது நிரந்தரம் ஆகாது. பிரீமியம் நன்றாகவே குறையும் என்பதால் பலர் இதையே எடுக்கிறார்கள். தெரிந்து எடுத்தால் தப்பில்லை. இந்தத் தேர்வு வீட்டில் கூட இருக்கும் உறவினரையும் கட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

2026 ஜனவரி 1 முதல் எடுக்கும், புதுப்பிக்கும் பாலிசிகளுக்கு உங்கள் மாநிலக் குறைந்தபட்ச லயபிலிட்டி (உங்கள் தவறால் மற்றவருக்கு வரும் நஷ்டத்துக்கான கவரேஜ்) 35/70/25.

புளோரிடாவிலும் அதே பிப்தானா?
(வாசகர், டாம்பா)

பெயர் ஒன்று, அளவு வேறு. 10,000 டாலர்தான். மருத்துவச் செலவில் 80 சதவீதம், சம்பள இழப்பில் 60 சதவீதம் தரும். விபத்து நடந்து 14 நாளுக்குள் மருத்துவரிடம் முதல் சிகிச்சை எடுக்காவிட்டால் ஒன்றும் வராது. 'சும்மா உளுக்கு, சரியாகிவிடும்' என்று சுக்குக் கஷாயத்தோடு மூன்று வாரம் தள்ளுகிறவர்கள் இழப்பது இதைத்தான். அவசர நிலை இருந்ததாக மருத்துவர் எழுதாவிட்டால் 10,000 என்பது 2,500 ஆகிவிடும். இடித்து மற்றவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான லயபிலிட்டி அங்கே சாதாரண ஓட்டுநருக்குக் கட்டாயமே இல்லை. ஆகவே புளோரிடாவில் யுஎம் இல்லாமல் இருக்காதீர்கள்.

அப்பா அம்மா 6 மாதம் வந்திருக்கிறார்கள். அப்பாவிடம் தமிழ்நாட்டு லைசன்ஸும் சர்வதேச பெர்மிட்டும் உண்டு. கோயிலுக்கும் மளிகைக்கும் என் காரை ஓட்டலாமா?
(வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)

எப்போதாவது உங்கள் அனுமதியோடு ஓட்டும் விருந்தாளிக்குப் பெரும்பாலான பாலிசிகள் செல்லும். சிக்கல் '6 மாதம்' என்பதில்தான் இருக்கிறது. அவ்வளவு நாள் ஒரே வீட்டில் தங்கி அடிக்கடி ஓட்டுபவரை விருந்தாளி என்று கம்பெனி ஏற்காமல் போகலாம். விபத்துக்குப் பிறகு அட்ஜஸ்டர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எத்தனை நாளாக என்பது. கம்பெனிக்கு எழுதி, அப்பா பெயரை ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். இந்திய லைசன்ஸை ஏற்காத கம்பெனியும் உண்டு. அப்படியானால் சாவியைக் கொடுக்காதீர்கள். வேறு சில மாநிலங்களில், பட்டியலில் இல்லாதவர் ஓட்டினால் வரம்பை மாநிலக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிடும் பாலிசிகளும் உண்டு. அங்கே 250/500 கட்டியிருந்தும் அந்த நேரத்தில் பயனில்லை. இல்லினாய் சட்டம் இப்படி இறக்க இடம் தருவதில்லை. பெயர் சொல்லி விலக்கிய ஓட்டுநர் என்று யாராவது பாலிசியில் இருந்தால் அவருக்குச் சாவி கொடுப்பது இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

அவர்கள் பயணிகளாக உட்கார்ந்திருக்கும்போது அடிபட்டால் என்ன என்பதையும் யோசியுங்கள். தவறு உங்களுடையதாக இருந்து, அவர்கள் உங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள் என்று முடிவானால், குடும்பத்தினருக்கு லயபிலிட்டியைக் குறைக்கும் அல்லது மறுக்கும் விதி சில பாலிசிகளில் உண்டு. இதற்கு நல்ல மருந்து 'மெட் பே': தவறு யாருடையது என்று பார்க்காமல் காரில் இருந்த எல்லோருக்கும் மருத்துவச் செலவு தரும். 5,000, 10,000 என்று வாங்கலாம், விலை குறைவு. அவர்களுடைய விசிட்டர் மருத்துவ இன்ஷூரன்ஸ் கார் விபத்தை எப்படிப் பார்க்கிறது என்பதையும் அந்தப் பாலிசியில் படித்துவிடுங்கள்.

வெள்ளத்தில் கார் போய்விட்டது. 34,000 டாலர் லோன் பாக்கி. கம்பெனி 27,500 மதிப்பு என்கிறது. மீதியை நானா கட்ட வேண்டும்?
(வாசகி, ஷார்லட், வட கரோலினா)

டிடக்டிபிள் 1,000 என்றால் கம்பெனியின் செக் 26,500, அதுவும் நேராக லோன் கொடுத்தவருக்குப் போகும். 7,500 நிற்கிறது. கம்பெனி தருவது லோன் பாக்கியை அல்ல, அன்றைய சந்தை மதிப்பை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 'கேப்' இன்ஷூரன்ஸ். கார் வாங்கிய டீலர் தாள்களைத் தோண்டிப் பாருங்கள், தெரியாமலே வாங்கியிருக்கலாம். கேப் இருந்தால் 6,500 அடையும். டிடக்டிபிளையும் சேர்த்து அடைப்பவை சில. பழைய காரின் லோனை இதில் ஏற்றியிருந்தால் அந்தப் பகுதி, தவறவிட்ட தவணை, தாமதக் கட்டணம், எக்ஸ்டெண்டட் வாரண்டி விலை ஆகியவை வராது. அதனால் கார் இல்லாவிட்டாலும் கணக்கு முடியும்வரை மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியை ரத்து செய்து மிச்ச நாளுக்கான பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

27,500 என்பதும் கல்வெட்டு அல்ல. மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ட்ரிம் லெவலை (ஒரே மாடலில் வசதிக்கேற்ப வரும் வகை) தப்பாகப் போட்டிருப்பார்கள், சன்ரூஃப் அல்லது லெதர் சீட் விட்டுப்போயிருக்கும், ஓடிய மைல் கூடியிருக்கும். ஒப்பிட்ட கார்கள் உண்மையில் அதே வகையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் பக்கத்து டீலர்களிடம் அதே வருடம், அதே ட்ரிம், கிட்டத்தட்ட அதே மைல் உள்ள நான்கு கார்களின் விளம்பரத்தை அச்செடுத்து அனுப்புங்கள். புது டயர் போட்ட ரசீது இருந்தால் சேருங்கள். வாகன வரியும் டைட்டில் கட்டணமும் கணக்கில் உள்ளனவா என்று கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாலிசியில் 'அப்ரெய்சல்' விதி இருக்கிறதா பாருங்கள்: இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளர் வைத்து, அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் முடிவு செய்வார். உங்கள் மதிப்பீட்டாளர் கூலி உங்களுடையது என்பதால், வித்தியாசம் ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

மற்றவர்களுக்கு: வெள்ளத்தில் நின்ற காரை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள், என்ஜினுக்குள் தண்ணீர் போய் ராடு வளையும். புயலுக்குப் பெயர் வைத்துக் கரையை நோக்கி வர ஆரம்பித்தபின் புதிதாகக் காம்ப்ரிஹென்சிவ் வாங்கவும் முடியாது. அந்த நாட்களில் கம்பெனிகள் விற்பனையை நிறுத்திவிடும்.

நான்கு மாதம் ஊருக்குப் போகிறேன். கார் வீட்டில் சும்மா நிற்கும். இன்ஷூரன்ஸை ரத்து செய்துவிட்டு வந்து எடுக்கலாமா?
(வாசகர், குவீன்ஸ், நியூயார்க்)

நியூயார்க்கில் இதை யோசிக்காமல் செய்தால் திரும்பி வரும்போது லைசன்ஸே இருக்காது. கார் பதிவில் இருந்து இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) பதிவை நிறுத்திவைக்கும். இடைவெளி 90 நாளைத் தாண்டினால் ஓட்டுநர் லைசன்ஸையும். சரியான வரிசை இது: முதலில் நம்பர் பிளேட்டுகளை டிஎம்வியில் ஒப்படைத்து எஃப்எஸ்-6டி ரசீது வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்ஷூரன்ஸை ரத்து செய்யலாம். பிளேட் இல்லாத கார் தெருவில் நிற்கக் கூடாது, சொந்த டிரைவ்வேயோ காரேஜோ வேண்டும். லோன் இருந்தால் பாங்க் கொலிஷனையும் காம்ப்ரிஹென்சிவையும் நீக்க விடாது. மீறினால் அவர்களே ஒரு பாலிசி வாங்கி உங்கள் கணக்கில் ஏற்றுவார்கள். அது விலை அதிகம், காப்பாற்றுவது அவர்களுடைய கடனை மட்டும்.

இத்தனையும் செய்து மிச்சமாவது கொஞ்சம்தான். இன்ஷூரன்ஸ் இடைவெளி விழுந்தால் அடுத்த பாலிசிக்கு விலை ஏறும், அதையும் கழித்துப் பாருங்கள். ஏஜென்ட்டிடம் 'நான்கு மாதம் ஓட்ட மாட்டேன்' என்று சொல்லி மைலேஜைக் குறைக்கச் சொல்வதும், நண்பரிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்வதும் பெரும்பாலும் மேல். பாட்டரியும் உயிரோடு இருக்கும்.

வார இறுதியில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். சொந்தப் பாலிசி போதாதா?
(வாசகர், பெல்வியூ, வாஷிங்டன்)

போதாது. கூலிக்கு ஆளையோ பொருளையோ ஏற்றும் நேரத்தைச் சாதாரணப் பாலிசி விலக்கிவிடும். டெலிவரிச் செயலி நடத்துபவரின் கவரேஜ் பொதுவாக ஆர்டர் உங்கள் கையில் இருக்கும் நேரத்துக்குத்தான். உங்கள் சொந்தக் கார்ச் சேதத்தை அது பெரும்பாலும் தொடாது. டெலிவரிக்கான கூடுதல் இணைப்பு உங்கள் கம்பெனியிடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தரும் கம்பெனிக்கு மாறுங்கள். ஊபர், லிஃப்ட் ஓட்டுபவர்களுக்குச் செயலியைத் திறந்து சவாரிக்குக் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து: பல மாநிலங்களில் அப்போது 50/100/25 மட்டும். சவாரியை ஏற்ற பிறகுதான் 10 லட்சம் டாலர் லயபிலிட்டி தொடங்கும்.

சான் டியாகோவிலிருந்து டிஹுவானாவுக்குக் காரில் போகலாமா?

உங்கள் அமெரிக்கப் பாலிசியின் லயபிலிட்டியை மெக்ஸிகோ ஏற்காது. எல்லை தாண்டும் முன் மெக்ஸிகோ கம்பெனியின் பாலிசியை நாள் கணக்கில் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் போய் விபத்தானால் பொறுப்பு முடிவாகும்வரை ஓட்டியவரைப் பிடித்து வைக்கலாம். கனடாவில் இந்தச் சிக்கல் இல்லை.

கார் கண்ணாடியை உடைத்து லாப்டாப்பை எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் ஒரே கிளெய்மா?
(வாசகி, ஓக்லண்ட், கலிபோர்னியா)

இரண்டு. கண்ணாடி காம்ப்ரிஹென்சிவில். லாப்டாப், பை, கோட்டு எல்லாம் வீட்டு இன்ஷூரன்ஸில் அல்லது ரென்டர்ஸ் பாலிசியில், அதன் சொந்த டிடக்டிபிளோடு. ஆபீஸ் லாப்டாப் என்றால் ஆபீஸிடம் சொல்லுங்கள். போலீஸ் ரிப்போர்ட் எண் இரண்டுக்கும் வேண்டும், ஓக்லண்டில் ஆன்லைனிலேயே பதியலாம்.